மறு: 'கடன் பயன்பாட்டு விகிதம்' வேண்டாம், 'வரம்புப் பற்றுவீதம்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு வரம்பில் எத்தனை சதவீதத்தை எடுத்திருக்கிறோம் என்று காட்டும் கிரெடிட் யூடிலைசேஷன் ரேஷியோவுக்குக் 'கடன் பயன்பாட்டு விகிதம்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் சேலத்திலிருந்து ஒரு தடை. இலக்கணத்தில் குறை இல்லை. கேட்பவரைத்தான் தப்பான பக்கம் தள்ளிவிடுகிறது.

'பயன்பாடு' கூடினால் நல்லது என்றே நம் காது எடுத்துக்கொள்ளும். ஒதுக்கிய நிதியில் 90 சதவீதம் பயன்பாடு என்றால் அந்த அதிகாரிக்குப் பாராட்டு. இங்கே தலைகீழ், ஏற ஏற, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) இறங்கும். இன்னொன்று, வகுக்கும் எண்ணாகிய வரம்பு இந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், "லிமிட் பெருசா இருந்தா எவனாவது வழிச்சிட்டுப் போயிருவான்" என்று பயந்து, 2,00,000 ரூபாய் வரம்பை 75,000 ஆக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்தான். அளவோடு இருக்கிற ஆள் என்று வங்கி மெச்சிக்கொள்ளும் என்ற நினைப்பு வேறு. மாதம் 45,000 வாக்கில் அட்டையில் போகும். கெடு தாண்டாமல் முழுசாகக் கட்டிவிடுவான். வரம்பு குறைந்ததும், 22.5 சதவீதமாக இருந்த விகிதம் 60 ஆயிற்று. அடுத்து எடுத்த சிபில் (கடன் தகவல் நிறுவனம்) அறிக்கையில் மதிப்பெண் இறங்கியிருந்தது. "ஒரு ரூபா கூட அதிகமாச் செலவு பண்ணலையேண்ணா!" என்றான். அவன் சொன்னது உண்மைதான். மேலே உள்ள எண் அப்படியே இருக்க, கீழே உள்ளது சுருங்கிவிட்டது. (30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கமான அறிவுரை, சட்டம் அல்ல.) 3 லட்சம் வரம்புள்ள இன்னொரு அட்டை அவனிடம் சும்மா கிடந்திருந்தால், எல்லா அட்டையும் சேர்ந்த கணக்கில் 9 சதவீதம் 12 ஆகியிருக்கும், அவ்வளவே. அதாவது வரம்புக் குறைப்பு எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. சொல்லில் 'வரம்பு' இருந்தால் இதை விளக்கப் பாதி வேலை மிச்சம்.

> 'நிலுவை–வரம்பு விகிதம்' என்றால் இரண்டு எண்ணும் தெரியுமே ஐயா?

தெரியும். ஆனால் 'நிலுவை' என்றதும் வீட்டு வரி நிலுவை, கரண்ட் பில் நிலுவை என்று கெடு தாண்டிய பாக்கிதான் மனதில் வரும். என் தம்பி பாக்கியே வைக்காதவன். பில் முழுவதையும் கட்டுகிறவருக்கும் இந்த வீதம் உண்டு. வங்கி கணக்கெடுத்து அனுப்பும் நாளில் அட்டைக் கணக்கில் என்ன நிற்கிறதோ அதுதான் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி, 15 நாளுக்கு ஒருமுறையாவது அனுப்பச் சொன்னது.

இதற்குப் 'பற்று' பொருந்தும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வியாபாரி கட்டி வெள்ளி கொடுத்தால் எடையைப் பற்று எழுதுவார், கொலுசாகத் திரும்பினால் வரவு வைப்பார். பற்று இருப்பது தப்பு இல்லை, கெடு தாண்டியது என்றும் அர்த்தம் இல்லை. அதிகம் ஏறிவிட்டால் மட்டும் "பற்று ஏறிப்போச்சு, கொஞ்சம் கொண்டாந்து கொடு" என்பார். நமக்கு வேண்டிய பொருள் அச்சு அசலாக இதுவே.

> பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் பற்று என்றால் டெபிட். கிரெடிட் கார்டு பற்றிய சொல்லில் டெபிட்டா?

ஆமாம் அம்மா, டெபிட்தான். உங்கள் அட்டை அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: வாங்கியதெல்லாம் டெபிட், கட்டியது கிரெடிட். பாடநூலோடு மோதல் இல்லை. 'விகிதம்' என்பதைவிட 'வீதம்' நல்லது என்பது என் கட்சி. இதைச் சதவீதமாகத்தான் சொல்கிறோம், வட்டி வீதமும் பழகிய சொல். முழுப்பெயர் 'வரம்புப் பற்றுவீதம்', பேச்சில் 'பற்றுவீதம்' போதும்.

> கிரெடிட்வொர்தினஸுக்கு 'நாணயம்' என்று வைத்தால் என்ன?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பியின் நாணயம் குறையவில்லை, மதிப்பெண்தான் குறைந்தது. கடன் கொடுக்கத் தகுந்தவரா என்பதைச் சொல்லும் அந்தச் சொல்லுக்குக் 'கடன் தகைமை' இருக்கட்டும்.

'வரம்பு' பற்றி ஒரு வார்த்தை. ஒரு தடவைக்கு இவ்வளவு, ஆன்லைனில் இவ்வளவு என்று அட்டைக்காரரே செயலியில் கட்டுப்பாடு வைக்கும் வசதி 2020 முதல் உண்டு. திருட்டுக்குப் பயந்த தம்பிக்கு அதுவே போதுமாயிருந்தது. அதனால் கடன் வரம்பு குறையாது, பற்றுவீதமும் ஏறாது. அந்தச் செயலிக் கட்டுப்பாட்டையும் நாம் 'பரிவர்த்தனை வரம்பு' என்றே எழுதி வருகிறோம். இரண்டும் வரம்பு என்றால் ஆள் தப்பானதைக் குறைப்பார். அந்தக் கட்டுப்பாட்டுக்குச் 'செலவு உச்சம்' என்று முன்வைக்கிறேன். ஒட்டவில்லை என்றால் வேறு சொல்லுங்கள்.

அட்டையின் மாதக் கணக்கைப் போடும் நாளாகிய ஸ்டேட்மென்ட் டேட்டுக்கு 'அறிக்கை நாள்' என்று வந்திருக்கிறது. ஊரில் எல்லோரும் 'பில் தேதி' என்கிறார்கள். அதை மாற்றவேண்டாம் என்பது என் ஓட்டு.