தீ அணைந்த பிறகும் அவசரநிலை எதற்கு?

கொடுங்கையூர்வாசி:
2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மூண்ட பாலிசேட்ஸ் காட்டுத்தீ அம்மாத இறுதியிலேயே முழுமையாகக் கட்டுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகும் அந்நகர நிர்வாகம் அவசரநிலைப் பிரகடனத்தை நீட்டித்தது ஏன்? இங்கே குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தால், புகை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிடுகிறது.

வியாசர்பாடியிலிருந்து:
தீயை அணைப்பது வேலையின் சிறு பகுதிதான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்த இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சாம்பலையும் மின்வாகனங்களின் கருகிய பேட்டரிகளையும் அகற்றிய பிறகே அஸ்திவாரம் தோண்ட முடியும்; கட்டட அனுமதிகளை விரைவுபடுத்தவும், அரசு நிதியைக் கோரவும் பிரகடனம் துணைநிற்கிறது. கலிபோர்னியாவில் அவசரநிலை அமலில் இருக்கும்போது, வாடகையைப் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவது குற்றம். வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாடகை வீடு தேடும் ஊரில், என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட இதுவே பெரிது. உள்ளூர் அவசரநிலையை 60 நாட்களுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும் என்பதும் அம்மாநிலச் சட்டம்.

எண்ணூர்க்காரன்:
மறுஆய்வு வெறும் கண்துடைப்பாகிவிடக் கூடாது. டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் வழங்க அவசரநிலை வழிவிடும் என்பதால், நீட்டிப்பவர் கணக்கும் காட்ட வேண்டும். ஆனால் கேள்வியின் நியாயம் புரிகிறது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தபோது, தண்ணீர் வடிந்த பிறகும் வலைகளிலும் படகின் அடிப்பலகையிலும் கருப்புப் பிசின் அப்பிக் கிடந்தது.

கொடுங்கையூர்வாசி:
நன்றி. வாடகை வரம்பு நான் அறியாதது. அதை மீறுவோர்மீது புகார் அளிப்பது எப்படி என்று யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும். என் உறவினர் ஒருவர் அங்கே வாடகைக்குக் குடியிருக்கிறார்.