கயிறில்லாமல் ஏறுவதும் வாசிக்காமல் உட்காருவதும்: துணிச்சலா, வித்தையா?

வடக்குவீதி:
ஜான் கேஜ், ழார்ஜ் பெரெக், அலெக்ஸ் ஹானால்ட். மூன்று பேரையும் ‘மரபை உடைத்த மாவீரர்கள்’ என்று ஒரே கூடையில் போட்டுக் கொண்டாடுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒருவர் பியானோ முன்னால் ஆளை உட்காரவைத்து, 4 நிமிடம் 33 விநாடி ஒரு சுரம்கூட வாசிக்கவிடாமல், அதை இசை என்றார். இன்னொருவர் 1969ல் ‘ஈ’ (e) என்ற ரோமன் எழுத்தே வராமல் முந்நூறு பக்க அளவில் ஒரு பிரெஞ்சு நாவல் எழுதினார். மூன்றாமவர் 2017 ஜூன் 3 அன்று, அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள எல் கேப்பிடன் பாறைச் சுவரில் கயிறில்லாமல் ஏறினார். மூன்றுமே கவன ஈர்ப்பு. மறுக்க முடியுமா?

பாறைப்பல்லி:
ஹானால்ட் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்ற இரண்டும் எனக்குத் தெரியாத ஊர். அன்று ஏறி முடிக்க ஆனது 3 மணி 56 நிமிடம். அதற்கு முன் ஒரு வருடத்துக்கும் மேலாக, அதே ஃப்ரீரைடர் தடத்தில் கயிறு கட்டிக்கொண்டு ஒத்திகை. ‘போல்டர் ப்ராப்ளம்’ என்று ஒரு இடம் உண்டு, தரையிலிருந்து 600 மீட்டர் வாக்கில். கட்டைவிரலைத் துளியூண்டு விளிம்பில் அழுத்தி, கையை மாற்றி, இடது காலைக் கராத்தே உதை மாதிரி பக்கத்துச் சுவருக்கு வீசி ஊன்ற வேண்டும். எந்த விரல் எங்கே, எந்தக் கால் எப்போது என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார்.

முக்கியமானது இதுதான். 2016 இலையுதிர் காலத்தில் ஒருமுறை கயிறில்லாமல் தொடங்கி, கீழே வழுக்குப்பாறையிலேயே மனம் ஒப்பாமல் பாதியில் விட்டுவிட்டார். ‘ஃப்ரீ சோலோ’ ஆவணப்படத்துக்கான படக்குழு சுற்றி நிற்கும்போது! கவனம்தான் வேண்டும் என்றால் அன்றைக்கே ஏறியிருப்பார்.

வடக்குவீதி:
தம்பி, படக்குழு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேமராவோடு கீழே நின்றவரே பார்க்க மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் படத்துக்கு ஆஸ்கர்! 2014ல் கிளிஃப் பார் நிறுவனம் ஹானால்ட் உட்படச் சிலருக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. இவர்கள் எடுக்கும் ஆபத்தில் நாங்கள் ஆதாயம் பார்ப்பதா என்ற உறுத்தல்தான் காரணம். அந்தப் பட்டியலில் இருந்த டீன் பாட்டர் அடுத்த வருடமே யோசெமிட்டியில் விங்சூட் என்ற சிறகு உடை போட்டுக் குதித்து இறந்தார். ஜான் பாக்கர் என்று ஒருவர், ஒரு நாள் முழுக்கத் தன் பின்னால் கயிறில்லாமல் ஏறுகிறவருக்கு 10,000 டாலர் என்று 1981ல் சவால் விட்டவர். ஒருத்தரும் வரவில்லை. அவரும் 2009ல் தனியாக ஏறும்போது விழுந்துதான் இறந்தார். அவரிடம் ஒத்திகைக்கா பஞ்சம்?

தம்புராக்காரி:
சாவைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு கேஜுக்கு வரலாமா, சார்? 1952 ஆகஸ்ட் 29, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் அருகே மேவரிக் அரங்கு. பியானோ கலைஞர் டேவிட் டியூடர் பியானோ மூடியை மூடினால் ஒரு பகுதி ஆரம்பம், திறந்தால் முடிவு. இப்படி மூன்று பகுதி. கையில் ஸ்டாப்வாட்ச், பக்கங்களை ஒழுங்காகப் புரட்டினார். காட்டுக்குள் இருக்கும் அரங்கு அது. முதலில் வெளியே காற்று, அப்புறம் கூரையில் மழைத்துளி, கடைசியில் எழுந்துபோகிறவர்களின் முணுமுணுப்பு. கேட்கச் சொன்னது இதையெல்லாம்தான். அதற்கு முன்பே ஹார்வர்டில் எதிரொலி இல்லாத அறைக்குள் போய் உட்கார்ந்து, தன் உடம்பின் சத்தத்தையே கேட்டு வந்தவர் அவர். நம் சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்புகிற செருப்புச் சத்தமும் அவருக்குக் கச்சேரிதான்!

வடக்குவீதி:
அப்படியென்றால் ஜெர்மனியில் ஹால்பர்ஸ்டாட் தேவாலயத்தில் நடக்கிற கூத்து? கேஜ் ஆர்கன் என்ற குழாய் வாத்தியத்துக்கு எழுதிய இசை ஒன்று 2001ல் தொடங்கி 2640ல்தான் முடியுமாம். 639 வருடம். 2024 பிப்ரவரியில் அதில் சுரம் மாறியதைக் கேட்க ஒரு கூட்டம்.

தம்புராக்காரி:
கேஜ் இறந்தது 1992ல். முடிந்தவரை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று எழுதினார், அவ்வளவுதான். 639 என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு. 1361ல் அந்த ஊரில் ஒரு பெரிய ஆர்கன் வைத்தார்கள், அதிலிருந்து 2000 வரை எண்ணியிருக்கிறார்கள். அதை ஏன் இவர் தலையில் கட்டுகிறீர்கள்?

நெல்லை வாத்தியார்:
பெரெக்கை வித்தைக்காரர் என்றால் துறைமங்கலம் சிவப்பிரகாசரை என்ன சொல்வீர்கள் ஐயா? 17ஆம் நூற்றாண்டிலேயே திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதி பாடியவர். உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ கிடையாது. முருகனைப் பாட வந்தவருக்கு ‘முருகன்’ போச்சு, ‘வேல்’ போச்சு, ‘மயில்’ போச்சு. ‘கந்தன்’ பிழைத்தது, ‘செந்தில்’ பிழைத்தது. இதற்கு மேல் யமகம் வேறு (ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் வேறு பொருளில் திரும்ப வரவேண்டும்), அந்தாதி வேறு (ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கவேண்டும்).

வடக்குவீதி:
ஐயா, காளமேகம் ககர வரிசையிலேயே வெண்பா பாடினார். வாயைப் பிளந்து ரசிப்பேன். அதைப் படித்து யாராவது அழுததுண்டா?

நெல்லை வாத்தியார்:
அழுகையைக் கேட்டதால் சொல்கிறேன். பெரெக்கின் அப்பா 1940ல் போரில் செத்தார். அம்மாவை 1943ல் அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு ஏற்றிப்போனார்கள், திரும்பவில்லை. பையனுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. பிரெஞ்சில் அப்பா, அம்மா என்ற இரண்டு சொல்லிலும் அந்த ‘ஈ’ இருக்கிறது. பெரெக் என்ற பெயரிலேயே இரண்டு இருக்கிறது. அந்த எழுத்தை எடுத்துவிட்டால் இவர்கள் யாரையும் எழுத முடியாது. கதையும் காணாமல்போன ஒருவனைத் தேடுவதுதான். எது தொலைந்தது என்று பாத்திரங்களால் சொல்லவே முடியாது, சொல்ல அவர்களுக்கு எழுத்து இல்லை. நாவல் வந்தபோது மதிப்புரை எழுதிய ஒருவர் இந்தக் குறையைக் கவனிக்கவே இல்லையாம். அப்பேர்ப்பட்ட வித்தை!

வடக்குவீதி:
சரி, பெரெக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. என் ஆட்சேபம் இன்னும் கூடுகிறது. பெரெக் தவறியிருந்தால் ஒரு தாள் கிழிந்திருக்கும். டியூடர் சொதப்பினால் நாலு பேர் சிரித்திருப்பார்கள். ஹானால்ட் தவறினால் பிணம். இதையும் அதையும் ‘துணிச்சல்’ என்று ஒரே சொல்லில் எப்படி அடக்குவீர்கள்? அதைப் பார்த்து ஏலகிரியில் எவனாவது பாறையைப் பிடித்தால்?

பாறைப்பல்லி:
பாறை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இன்றும் கயிறோடுதான் ஏறுகிறோம் அண்ணா, நானும்தான். அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு முதலில் வருவது ஆசை இல்லை, உள்ளங்கை வியர்வை. 2016ல் அவர் பாதியில் விட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வடக்குவீதி:
சொல்கிறேன். அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

பாறைப்பல்லி:
எடுத்திருக்கிறார்கள். அதே படத்தில்தான் இருக்கிறது. பார்க்காமலேயா இவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள்?