அருணின் எஃப்: எங்கள் குடும்பக் குழுவில்

கவிதா (நியூ ஜெர்சி): அருணிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே போடுகிறேன். காலேஜில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் அவனுக்கு எஃப், அதாவது ஃபெயில், வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் படிப்பில் சேரும் ஆசை அவ்வளவுதானா? பிரியா, நீதான் சொல்லணும்.

மதுரை மாமா: அரியர் வைக்காத பிள்ளை உண்டா கவிதா? அடுத்த தடவை எழுதி பாஸ் பண்ணட்டும்.

பிரியா: மாமா, இங்கே பரீட்சையை மட்டும் திரும்ப எழுத முடியாது. பணம் கட்டி, அந்தப் பாடத்துக்கு முழு செமஸ்டரும் மறுபடி உட்கார வேண்டும். பழைய எஃப்-உம் போகாது.

கவிதா: புது கிரேடு வந்தால் பழையதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று காலேஜில் சொன்னார்களே?

பிரியா: அது காலேஜ் கணக்கு சித்தி. எம்டி (இங்கே அதுதான் டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகிற அம்காஸ் என்ற பொது அமைப்பில் இரண்டு முறை வாங்கியதையும் சேர்த்துத்தான் ஜிபிஏ (4-க்கு எவ்வளவு என்ற சராசரி) போடுவார்கள். மற்ற 56 கிரெடிட்டில் அவனுக்கு 3.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 4 கிரெடிட் பாடத்தில் மறுபடி ஏ வாங்கினால் காலேஜ் 3.63 காட்டும். அம்காஸ் 3.40 காட்டும். அறிவியல், கணக்குக்குத் தனி ஜிபிஏ உண்டு, அதில் இன்னும் பலமாக அடிக்கும்.

கவிதா: வேறு காலேஜில், பக்கத்து கம்யூனிட்டி காலேஜ் மாதிரி ஒன்றில் படித்தால்?

பிரியா: படித்த எல்லா காலேஜின் மார்க் பட்டியலும் கேட்பார்கள். மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. டிஓ (ஆஸ்டியோபதி, இங்கே இன்னொரு வகை டாக்டர் பட்டம்) பக்கம் முன்பு கடைசி கிரேடை மட்டும் எடுப்பார்கள். 2017-இல் அதுவும் போய்விட்டது.

மதுரை மாமா: அப்படியென்றால் எதற்கம்மா திரும்பப் படிக்கணும்?

பிரியா: இந்தப் பாடம் இல்லாமல் பெரும்பாலான மெடிக்கல் காலேஜ் எடுக்காது மாமா. சி-யாவது வேண்டும். அதைவிட, மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் இதே கெமிஸ்ட்ரி வரும். புரியாமல் போனால் அங்கேயும் இடிக்கும்.

பிரியா: நான் 2018-இல் விண்ணப்பித்தேன். ஒவ்வொரு பாடத்தையும், கிரெடிட்டையும், கிரேடையும் நாமேதான் தட்டச்சு செய்யணும். முதல் வருட பிசிக்ஸ் எஃப் என்று அடித்துவிட்டு ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சில வரிகள் தள்ளி அதே பிசிக்ஸ், ஏ. நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததையும், உதவி கேட்காமல் இருந்தது என் தப்பு என்பதையும், அப்புறம் எப்படிப் படித்தேன் என்பதையும் சொன்னேன். இன்று ரெசிடென்ட்டாக, அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறேன்.

கவிதா: அப்படியானால் கோடை வகுப்பிலேயே சேர்த்துவிடட்டுமா?

பிரியா: வேண்டாம் சித்தி, அவசரப்படாதீர்கள். மொத்தப் பாடத்தையும் சில வாரத்தில் ஓட்டிவிடுவார்கள். முதலில் ஏன் போனது என்று தெரியணும். இரண்டாவது முறையும் சரிந்தால் அதுதான் நிஜமான அடி. பாடச் சுமையைக் குறைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டரில் எடுக்கட்டும். பயோகெமிஸ்ட்ரி மாதிரி மேல் வகுப்புகளிலும் ஏ வாங்கினால், கிராஃப் ஏறுவதைப் பார்ப்பார்கள். தேவையென்றால் ஒரு வருடம் தள்ளி விண்ணப்பிக்கலாம், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

அருண்: பிரியா அக்கா, எல்லாம் படித்தேன். ரியாக்ஷன்களை மனப்பாடம் செய்தேன், எலக்ட்ரான் எங்கே போகிறது என்று புரியவே இல்லை. புரொஃபசர் அறைக்கு ஒரு நாள்கூடப் போகவில்லை.

பிரியா: அதுதான்டா தம்பி. இன்றிரவு 9 மணிக்கு வீடியோ கால் வா. பரீட்சைத் தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து வை. எலக்ட்ரான் போகும் வழிக்கு அம்பு போடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மதுரை மாமா: முதலில் சாப்பிடச் சொல்லு கவிதா.

அருண்: சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் மாமா.