உதவி: 1931 பத்திரிகைப் பக்கம், டீத்தண்ணீரில் ஊறவைத்ததும் கெட்டுப்போகிறது (ஞாயிறு ஆட்டம்!)

பகடைப்பித்தன் | வியாழன் இரவு 10:42
அவசரம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கதாபாத்திரமாக நடித்து ஆடும் ஆட்டம், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். கதை 1931ல், மலையடிவார ஊர் ஒன்றில் நடக்கிறது. ஒரு சர்வேயர் காணாமல் போகிறார், அந்தச் செய்தி வந்த பத்திரிகையை ஆட்டக்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும். முதல் பக்கம் முழுவதையும் டிசைன் செய்து, பிரிண்ட் எடுத்து, பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் ஊறவைத்தேன். எல்லாம் நாசம். மூன்று தடவை செய்து பார்த்தாயிற்று, மூன்றும் அதே கதி. டீக்குப் பதில் காபி போடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மைக்கூடு | வியாழன் இரவு 10:55
நாசம் என்றால் எப்படி நாசம்? மை கரைந்ததா, தாள் கிழிந்ததா, கறை திட்டுத்திட்டாக ஏறியதா? பிரிண்டர் இன்க்ஜெட்டா லேசரா? என்ன தாள்? எவ்வளவு நேரம் ஊறியது? இது தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது நண்பரே.

கடைசிப்பகடை | வியாழன் இரவு 11:08
காபி வேண்டாம், டீயே போதும். ஆனால் ஊறவைக்காதீர்கள். பால், சர்க்கரை இல்லாமல் கெட்டியாக டிகாஷன் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். சர்க்கரை சேர்ந்தால் தாள் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். காய்ந்த பிறகு மேலே ஒரு துணி போட்டு, எழுத்து இல்லாத பக்கமாக இஸ்திரி போட்டால் நெளிவு போய்விடும். ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க என் கையில் இருக்கும் எல்லா ஹேண்ட்அவுட்டும் இப்படிச் செய்ததுதான்.

வெயில்காய்ச்சி | வெள்ளி காலை 6:20
டீயே தேவையில்லை. வெயிலில் நான்கு நாள் போடுங்கள். இயற்கையாக மஞ்சளாகும், ஓரங்கள் மொரமொரப்பாகும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

மைக்கூடு | வெள்ளி காலை 7:02
@வெயில்காய்ச்சி, நீங்கள் பத்திரிகை அச்சிடும் நிஜமான நியூஸ்பிரிண்ட் தாளில் செய்திருப்பீர்கள். அது மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது, அதில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாவது அந்த லிக்னின்தான். வீட்டுப் பிரிண்டரில் போடும் வெள்ளைத் தாளில் பெரும்பாலும் லிக்னினை நீக்கியிருப்பார்கள். அதை நான்கு நாள் காயவைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதோடு, இவருக்கு நான்கு நாள் அவகாசமும் இல்லை.

அச்சுக்கூடத்தான் | வெள்ளி காலை 8:31
இதைப் பற்றி நான் ஏற்கெனவே இங்கே நீளமாக எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தேடிப் படிப்பதே இல்லை, நேராக வந்து "சீக்கிரம் சொல்லுங்கள்" என்கிறார்கள். சரி, மறுபடியும் சொல்கிறேன். முதலில் கறை, அப்புறம் அச்சு. வெற்றுத் தாளுக்குக் கறை ஏற்றி, காயவைத்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, அதன் பிறகுதான் பிரிண்டருக்குள் விட வேண்டும். இது அடிப்படை. டிசைனையும் போடுங்கள், அதில் எத்தனை தவறு இருக்கும் என்று பார்க்காமலே என்னால் சொல்ல முடியும்.

பகடைப்பித்தன் | வெள்ளி மதியம் 1:15
வேலையில் இருக்கிறேன், அதனால் சுருக்கமாக. வீட்டு இன்க்ஜெட், சாதாரண ஏ4 தாள். பத்து நிமிடம் ஊறியது. தலைப்பும் செய்தியும் அப்படியே இருக்கின்றன, படம் மட்டும் ஊதாவாக ஓடிவிட்டது, தாளும் நெளிந்துவிட்டது. படத்தை கிரேஸ்கேலில்தான் வைத்திருந்தேன், ஊதா எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. டிசைன் படத்தை மேலே சேர்த்திருக்கிறேன்.

மைக்கூடு | வெள்ளி மதியம் 1:34
எழுத்து நிற்கிறது, படம் மட்டும் ஓடுகிறது! இதை நேற்றே சொல்லியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும்.

பல இன்க்ஜெட் பிரிண்டர்களில் கருப்பு மை மட்டும் பிக்மென்ட், அதாவது தண்ணீரில் கரையாத பொடி. கலர் மைகள் மூன்றும் சாயம், தண்ணீர் பட்டால் ஓடும். எழுத்தைக் கருப்பு மை போட்டது, அதனால் நின்றது. சாம்பல் நிறப் படத்தை பிரிண்டர் கலர் மைகளைக் கலந்து உண்டாக்கியிருக்கிறது. கிரேஸ்கேல் என்று தேர்ந்தெடுத்தாலும் சில பிரிண்டர்கள் இப்படித்தான் கலக்கும். அந்தக் கலவை கரைந்து வந்ததுதான் உங்கள் ஊதா. டீ, காபி இரண்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

படத்தில் சாம்பல் நிறமே இல்லாமல் செய்துவிடுங்கள். பழைய பத்திரிகைப் படம் எல்லாமே கருப்புப் புள்ளிகள்தான், பெரிய புள்ளி இருட்டாகவும் சிறிய புள்ளி வெளிச்சமாகவும் தெரியும். கிம்ப் மென்பொருளில் நியூஸ்பிரிண்ட் என்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது. படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), அச்சில் வரவேண்டிய அதே அளவுக்கு முதலில் கொண்டுவந்துவிட்டு, அங்குலத்துக்கு 65 புள்ளி வரிசை என்ற கணக்கில் புள்ளியாக்குங்கள். பிறகு கருப்பு, வெள்ளை என்று இரண்டே நிறமாக மாற்றுங்கள். அதற்குப் பின் படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது, புள்ளிகள் கலைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். பிரிண்டர் அமைப்பில் சாதாரணத் தாள், கருப்பு மை மட்டும் என்று வையுங்கள். ஃபோட்டோ தாள் என்று வைத்தால் பிக்மென்ட் கருப்பை விட்டுவிட்டு மறுபடியும் சாயத்துக்குப் போய்விடும்.

இப்படிச் செய்தால் மை ஓடுவதும் நிற்கும், படமும் அந்தக் காலத்துப் படம் மாதிரியே வரும்.

கடைசிப்பகடை | வெள்ளி மதியம் 1:50
ஊறவைக்காமல் ஒற்றினால் ஊதாவும் இவ்வளவு ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடத்தான் | வெள்ளி மாலை 4:05
டிசைனைப் பார்த்தேன். எதிர்பார்த்தபடிதான் இருக்கிறது.

1931 மார்ச் 12 வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறீர்கள். அது வியாழக்கிழமை. தமிழ்ப் பத்திரிகை என்றால் தமிழ் வருடமும் மாதமும் வேண்டும், பிரமோதூத வருடம் மாசி மாதம் என்று. தலைப்புக்குக் கீழே உள்ள ஆங்கில வரியை டைம்ஸ் நியூ ரோமனில் வைத்திருக்கிறீர்கள். அந்த எழுத்தை லண்டன் டைம்ஸ் பத்திரிகை முதன்முதலாகப் பயன்படுத்தியதே 1932 அக்டோபர் 3 அன்றுதான். விலை "5 பைசா" என்று இருக்கிறது. தசம நாணயம் 1957ல் வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி.

எல்லாவற்றையும் விட மோசம் மொழி. "மாவட்ட காவல்துறை தீவிர விசாரணை" என்று 1931ல் எவர் எழுதினார்? ஜில்லா போலீஸார் என்று இருக்க வேண்டும். "காணாமற்போன சர்வேயர், போலீஸார் தேடுகிறார்கள்" என்று எழுதுங்கள், அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில் இரண்டு துணைத் தலைப்புகளை அடுக்குங்கள். பக்கம் முழுக்க விரியும் ஒரே தலைப்பு, அதன் கீழே அரைப்பக்கப் படம் என்பதெல்லாம் நம் காலத்துப் பழக்கம். தி இந்து 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரம்தான் போட்டது. லண்டன் டைம்ஸ் 1966 வரை.

கடைசியாக, எழுத்துரு. ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் இன்றைய வடிவத்தில் இருக்கின்றன. அரசாணை வந்து இவை மாறியது 1978ல். யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் ஒரே குறியீடு என்பதால் தட்டச்சில் ஒன்றும் செய்ய முடியாது, பழைய வடிவம் வரையப்பட்ட எழுத்துரு வேண்டும். அது இல்லாமல் 1931 என்று சொல்லவே கூடாது.

நாலாம்சாமம் | வெள்ளி மாலை 5:20
விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா அண்ணா? ஆட்டக்காரர்கள் அதைப் படித்தாக வேண்டும். என் குழுவில் பாதிப்பேர் தும்பிக்கை தூக்கிய பழைய லையைப் பார்த்ததே இல்லை. மங்கிய விளக்கில், பரபரப்பான காட்சியின் நடுவில், எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பயமெல்லாம் பறந்துவிடும்.

அச்சுக்கூடத்தான் | வெள்ளி மாலை 5:41
எழுத்துக்கூட்டிப் படிப்பதும் ஒரு அனுபவம்தான். அந்தக் காலத்துக்குள் போகிறோம் என்றால் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும். இரண்டு பத்தி படிப்பதற்குள் கண் பழகிவிடும்.

மைக்கூடு | வெள்ளி மாலை 6:03
பெரியார் 1935லேயே குடியரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். கதையை ஐந்து வருடம் தள்ளி வைத்தால், அந்த வடிவத்தில் அச்சிட்ட ஒரு பத்திரிகை கையில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அச்சுக்கூடத்தான் | வெள்ளி மாலை 6:10
ஓர் எழுத்துருவைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு வரலாற்றை நகர்த்துவதா? மற்ற பத்திரிகைகள் அதற்குப் பிறகும் பழைய வடிவத்திலேயே பல வருடம் வந்தன.

நாலாம்சாமம் | வெள்ளி மாலை 6:22
சோம்பல் என்று சொல்லாதீர்கள். அவர் மூன்று தடவை செய்து பார்த்திருக்கிறார். வேலைக்குப் போய்வந்து, நண்பர்களுக்காக உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். அதை முதலில் பாராட்டுங்கள்.

கடைசிப்பகடை | வெள்ளி மாலை 6:40
பத்திரிகைப் பெயரும் செய்தித் தலைப்பும் பழைய எழுத்தில், செய்தி புதிய எழுத்தில் என்று வைத்தால் இருவருக்கும் சரி. நான் அப்படித்தான் செய்வேன்.

அச்சுக்கூடத்தான் | வெள்ளி மாலை 6:44
அது இரண்டுமில்லாத நடுத்தெரு.

பின்பக்கம் பார்ப்பவள் | வெள்ளி இரவு 9:17
எழுத்துச் சண்டை நடக்கட்டும். @பகடைப்பித்தன், ஒன்று கேட்க வேண்டும், இதுவரை யாரும் கேட்கவில்லை. கதையில் ஆட்டக்காரர்கள் இந்தப் பத்திரிகையை எப்போது பார்க்கிறார்கள்? சர்வேயர் காணாமல் போய் இரண்டு நாளில் என்றால் அது இரண்டு நாள் வயதுள்ள பத்திரிகை, அதில் பழுப்பே இருக்கக் கூடாது. புது நியூஸ்பிரிண்ட் லேசான சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். டீக்கறையே வேண்டாம். நாற்பது வருடம் கழித்து ஒரு பெட்டிக்குள் கிடைக்கிறது என்றால்தான் கறை. அப்போதும் தாள் முழுக்க ஒரே மாதிரி பழுக்காது, காற்றுப் பட்ட ஓரங்களும் மடிப்பின் வெளிப்பக்கமும் அதிகம் பழுக்கும், மடிப்புக்கு உள்ளே வெளுப்பாக இருக்கும். மடித்து வைத்துவிட்டு, வெளியே தெரியும் இடங்களில் மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள்.

இரண்டாவது, முழுப் பக்கம் வேண்டாம். ஏ4ல் முழுப் பக்கத்தை அடக்கினால் எடுத்ததும் பொம்மை என்று தெரிந்துவிடும், நிஜப் பத்திரிகை அதைப் போல பல மடங்கு பெரிசு. ஒரு செய்தியை மட்டும் வெட்டி எடுத்த நறுக்காகச் செய்யுங்கள். ஒரு பத்தி, இரண்டு அங்குல அகலம். அதில் மார்பளவுப் படம் ஒன்று, தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிசாக. பக்கத்துப் பத்தியின் கோடும், அடுத்த செய்தியின் இரண்டு எழுத்தும் ஓரத்தில் தெரிய வேண்டும். யாரோ ஒருவர் அவசரமாகக் கத்தரித்திருக்கிறார் என்று பார்த்ததுமே தோன்றும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பின்பக்கம். கையில் நறுக்கைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். அங்கே வெள்ளையாக இருந்தால் அதுவரை நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். பின்பக்கத்தில் வேறு ஏதோ விளம்பரமும் செய்தியும் இருக்க வேண்டும், அவை பாதியில் வெட்டுப்பட வேண்டும், ஏனென்றால் கத்தரித்தவர் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக் கத்தரித்தார். தலைவலித் தைலத்தின் பாதி விளம்பரம், ஏல அறிவிப்பின் கடைசி நான்கு வரி, ரயில் நேரத்தில் ஒரு துண்டு, இப்படி. வீட்டுத் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). நியூஸ்பிரிண்ட் 45க்கும் 50க்கும் நடுவில் இருக்கும், அதனால் பின்பக்கத்து மை நிழலாக முன்னால் தெரியும், கையில் எடுத்தால் சத்தமும் வேறு மாதிரி. படம் வரைந்து பழகும் நியூஸ்பிரிண்ட் அட்டைப்புத்தகம் கிடைத்தால் அதிலிருந்து ஒரு தாள் எடுத்து, ஏ4 தாளின் முன் ஓரத்தில் டேப்பால் ஒட்டி, ஒவ்வொன்றாக இன்க்ஜெட்டில் விடுங்கள், சிக்காது. லேசரில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டில் டேப் பசை இளகி ரோலரில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பின்பக்கத்தில் எதை எழுதினாலும் அதையும் துப்பு என்று எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதற்குத் தயாராக இருங்கள், அல்லது நிஜமாகவே ஒரு துப்பை அங்கே வையுங்கள்.

மைக்கூடு | வெள்ளி இரவு 9:30
பின்பக்கத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அருமை அக்கா.

அச்சுக்கூடத்தான் | வெள்ளி இரவு 9:52
நறுக்கு என்றால் பத்திரிகைப் பெயரும் தேதியும் வராது, நான் சொன்னதில் பாதி தேவைப்படாது. மற்றபடி ஒப்புக்கொள்கிறேன். நியூஸ்பிரிண்ட் மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறக்குறைய நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகத்தான் போகும். கத்தரிக்காமல் கையால் கிழித்த நறுக்கு வேண்டுமென்றால் தாள் எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, செய்தி அந்தப் பக்கமாக நிற்கும்படி அச்சிடவும்.

வெயில்காய்ச்சி | சனி காலை 6:15
நியூஸ்பிரிண்ட் தாளில்தான் செய்யப் போகிறார் என்றால் என் வெயில் யோசனை சரிதானே?

மைக்கூடு | சனி காலை 7:40
தாள் சரி. நாள்தான் போதாது.

நாலாம்சாமம் | ஞாயிறு காலை 10:05
@பகடைப்பித்தன் என்ன ஆயிற்று? இன்றைக்குத்தானே ஆட்டம்?

பகடைப்பித்தன் | திங்கள் இரவு 11:30
எல்லோருக்கும் நன்றி. கருப்பு மை மட்டும் வைத்ததும் ஊதா நின்றுவிட்டது. கதையில் மூன்று நாள் பழைய பத்திரிகைதான், அதனால் டீ போடவே இல்லை. நியூஸ்பிரிண்ட் கிடைக்கவில்லை, வீட்டில் இருந்த மெல்லிய தாளில் எடுத்தேன். போலீஸார், ஜில்லா எல்லாம் மாற்றிவிட்டேன், தலைப்பு மட்டும் பழைய எழுத்தில். கொடுத்த உடனே திருப்பிப் பார்த்தார்கள், பின்பக்கத்து ஏல அறிவிப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஏலக் கடைக்காரரை விசாரித்தார்கள். அடுத்த வாரம் அவரையே கதைக்குள் கொண்டுவரப் போகிறேன்.

பின்பக்கம் பார்ப்பவள் | செவ்வாய் காலை 7:12
மிக்க சந்தோஷம்! நறுக்கைப் படம் எடுத்தீர்களா? இரண்டு பக்கமும் போடுங்கள்.

கடைசிப்பகடை | வியாழன் மாலை 6:48
நானும் அந்தப் படத்துக்குத்தான் காத்திருக்கிறேன். தலைப்புக்கு எந்த எழுத்துரு போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.