ராஸ்பெரி பை 5 இல் மட்டும் தோற்கும் கோப்பு முறைமைச் சோதனைகள்: உதவி தேவை

கல்லடி, மட்டக்களப்பு:
வணக்கம். எங்கள் கணினி வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சில கோப்பு முறைமைச் சோதனைகளை பைத்தானில் எழுதினேன். இன்டெல் லப்டொப்பில் எல்லாம் தேறுகின்றன. அதே லினக்ஸ் நிரல், சிறிய ஒற்றைப் பலகைக் கணினியான ராஸ்பெரி பை 5 இல் மூன்று இடத்தில் தோற்கிறது.

1. எம்மேப்பில் (கோப்பை நினைவகத்தோடு இணைக்கும், அதாவது மேப் செய்யும் அழைப்பு) 4096 ஐத் தொடக்க இடமாகக் கொடுத்தால் ‘தவறான மதிப்பு’ என்கிறது.
2. நீளமான கோப்பை மேப் செய்து, பிறகு கோப்பை 5000 பைட்டாகக் குறைத்து 8192 ஆம் பைட்டைத் தொட்டால் சிக்பஸ் (கோப்பில் இல்லாத இடத்தைத் தொட்டால் வரும் பிழைச் சமிக்ஞை) வர வேண்டும். வரவில்லை, பூச்சியம்தான் கிடைக்கிறது.
3. நினைவகக் கோப்பு முறைமையான டெம்ப்எஃப்எஸ்ஸில் 4096 பைட்டுக்குத் துளை போட்டால் (கோப்பின் நடுவில் ஒரு பகுதியின் இடத்தை விடுவித்தால்) கோப்பு பிடிக்கும் இடம் குறையவே இல்லை.

எஸ்டி கார்டை மாற்றியும் இதே நிலைதான்.

கல்முனை:
கார்டில் பிழை இல்லை தம்பி. ‘கெட்கான்ஃப் பேஜ்சைஸ்’ கொடுத்துப் பாருங்கள், 16384 என்று வரும். பை 5 இன் வழமையான கர்னல் (இயங்குதளத்தின் மையம்) நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது, உங்கள் லப்டொப்பில் 4 கேபி. எம்மேப்பின் தொடக்கம் பக்க அளவின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். சிக்பஸ் வருவது கோப்பு முடியும் பக்கத்தையும் தாண்டினால்தான். 16 கேபியில் 8192 இன்னும் முதல் பக்கத்துக்குள்ளேயே கிடக்கிறது, அதனால்தான் பூச்சியம். 4096 ஐ எடுத்துவிட்டு, பைத்தானின் எம்மேப் தொகுதியிலுள்ள பேஜ்சைஸ் மதிப்பைப் போடுங்கள்.

கல்லடி:
நன்றி அண்ணன். எல்லா இடத்திலும் மாற்றினேன், மூன்றும் தேறின. ஆனால் இப்போது எஸ்டி கார்டிலுள்ள ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அதே துளைச் சோதனை தோற்கிறது. 8 செக்டர் (ஒன்று 512 பைட்) குறையும் என்று எழுதிய இடத்தில் 32 குறைகிறது.

அக்கரைப்பற்று:
அங்கே பக்க அளவைப் போடக் கூடாது. ஈஎக்ஸ்டி4 இன் பிளாக் அளவு (இடம் ஒதுக்கும் அலகு), வட்டை ஃபார்மட் செய்யும்போது முடிவாவது. உங்கள் கார்டில் அது 4096 ஆகவே இருக்கும், கர்னல் மாறினாலும் மாறாது. டெம்ப்எஃப்எஸ் நினைவகத்தில் வாழ்வது, அதனால் அது பக்கக் கணக்கில்தான் இடத்தை விடுவிக்கும். பக்கத்தில் பாதிக்குத் துளை போட்டால் பூச்சியம் எழுதிவிட்டு இடத்தை வைத்துக்கொள்ளும்.

ஆக, எம்மேப், சிக்பஸ் சோதனைகளுக்குப் பக்க அளவு. துளைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும், கோப்பு முறைமையின் விவரம் சொல்லும் ஸ்டாட்விஎஃப்எஸ் அழைப்பு தரும் பிளாக் அளவு. எதிர்பார்க்கும் செக்டர் எண்ணிக்கையையும் அதை 512 ஆல் வகுத்தே எடுங்கள். கோப்பின் விவரம் தரும் ஸ்டாட் அழைப்பில் வரும் பிளாக் அளவை நம்ப வேண்டாம், எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அது பக்க அளவுக்கு உயர்ந்து வரும்.

கல்முனை:
சரியாகச் சொன்னீர்கள். தம்பி, கன்ஃபிக் கோப்பில் 4 கேபி கர்னலுக்கு மாற்றும் வழியும் உண்டு. காரணத்தை உறுதிசெய்ய மட்டும் அதைப் பாவியுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள். பை போலவே ஏஆர்எம் சிப் கொண்ட சேர்வர்களில் 64 கேபிப் பக்கமும் உண்டு.

கல்லடி:
இரண்டையும் பிரித்து எழுதினேன். லப்டொப், பை இரண்டிலும் எல்லாம் தேறுகின்றன. 64 கேபி கர்னலைக் க்யூஇஎம்யூ என்ற போலிக் கணினி மென்பொருளில் ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.