ஊராட்சிக்குக் காலநிலைத் திட்டம்: மரக்கன்றையும் சோலார் விளக்கையும் தவிர வேறென்ன எழுதலாம்?

கடைமடைக்காரி

வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சின்ன ஊராட்சி எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த ஆண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் காலநிலை மாற்றத்துக்கு என்று ஒரு பகுதி வர வேண்டுமாம், மகளிர் குழுவும் யோசனை தர வேண்டும் என்று சொன்னார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டும்.

முதல் கூட்டம் போட்டோம். சாலையோரம் ஐந்நூறு மரக்கன்று, பத்து இடத்தில் சோலார் தெருவிளக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஒரு விழிப்புணர்வுப் பேரணி. அத்துடன் டீ வந்துவிட்டது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் எங்கள் ஊரில் தென்னை மொத்தமும் சாய்ந்தது. பனை நின்றது. கம்பங்கள் விழுந்து பல வாரம் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி காலி. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துத் தொட்டியை ஏற்றினார்கள், அதற்கும் அடிதடி. 2023இல் பாருங்கள்: பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் படுத்தது. அதே வருஷம் குறுவைக்குத் தண்ணீர் போதவில்லை. இதற்கெல்லாம் புங்கன் கன்று என்ன செய்யும்? (கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகளை ஆடு தின்றது தனிக்கதை.)

என் கேள்வி இரண்டு. எதை எழுதினால் உண்மையில் ஏதாவது நடக்கும்? கார்பனைக் குறைப்பதெல்லாம் எங்களைப் போன்ற ஊரின் வேலைதானா?

வளசரவாக்கம் பாலா

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இல்லை. உங்கள் ஊர் முழுவதும் ஒரு வருஷத்தில் விடும் கரியை ஒரு அனல் மின் நிலையம் காலை டிபனுக்குள் விட்டுவிடும். கார்பன் கணக்கு எழுதச் சொல்வது ஏழை ஊரின் தலையில் பாரத்தை வைக்கும் வேலை. வெள்ளம், புயல், குடிநீர் மூன்றையும் மட்டும் எழுதுங்கள். சோலார் விளக்கு ஒப்பந்தக்காரருக்குத்தான் வெளிச்சம்.

சுல்தான் பத்தேரி செல்வன்

பாலா சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. நான் இருப்பது வயநாட்டில். பக்கத்து மீனங்காடி ஊராட்சி 2016இலிருந்து கார்பன் சமநிலை, அதாவது ஊர் விடுகிற கரிக்கு ஈடாக உறிஞ்சவும் வேண்டும் என்ற இலக்கோடு வேலை செய்கிறது. மரத்தை அடமானம் வைத்துக் கூட்டுறவு வங்கியில் வட்டியில்லாக் கடன் வாங்கலாம். மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 ரூபாய். வெட்டினால்தான் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். மரம் நின்றால் காசு என்றதும் ஆட்டை விவசாயியே கட்டிப்போடுவார்.

ஆனால் இது மலைத்தோட்ட ஊர், காப்பிக்கு நிழல் மரம் எப்படியும் வேண்டும். உங்கள் உப்பு மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. கன்றின் எண்ணிக்கையை எழுதாமல், மூன்றாம் வருஷம் அதைக் காப்பாற்ற யாருக்கு என்ன லாபம் என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

பழைய ஓவர்சியர்

தங்கச்சி, நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டாவில்தான் முழு சர்வீஸும். இந்த மாதிரித் திட்டப் புத்தகங்கள் நிறையக் கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபட நகல் ஒன்று வாங்குங்கள். ஊரில் வயதானவர்கள் நாலு பேர், நடவுக்குப் போகிற பெண்கள் நாலு பேர், மாடு மேய்க்கிற ஒருவர், இவர்களை உட்கார வைத்து ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது என்று பென்சிலால் குறியுங்கள். மாடு மேய்ப்பவரை விட்டுவிடாதீர்கள். மேடு பள்ளம் அவருக்குத் தெரிகிற அளவு எங்கள் லெவல் கருவிக்கே தெரியாது.

மேல்பக்கத்து ஊர்க்காரர்கள் பாசன வாய்க்காலைப் பற்றிப் பேசுவார்கள். பாசனம் போய் முடிகிற கடைமடையில் வடிகாலைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் நிலம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் கிடக்கிறது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது வடிகால் ஓடாது, வற்றத்தில்தான் ஓடும். கடல் மட்டம் உயர உயர ஓடுகிற அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வரும். முன்பு மூன்று நாளில் வடிந்த வயல் இப்போது ஒரு வாரம் நிற்கிறதென்றால் மழை மட்டும் காரணமில்லை. வடிகாலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தால் அந்தக் குறுகிய நேரமும் வீண். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது உப்புநீர் மேலேறி வரும். அதைத் தடுக்கத்தான் கடைசி இயக்கு அணைகள், அதாவது ஆற்றின் கடைசியில் பலகை இறக்கித் தண்ணீரை மறிக்கிற அணைகள். பலகை துருப்பிடித்து இறங்காமல் நின்றால் வயலும் போச்சு, கிணறும் போச்சு.

காவிரியின் கிளையான வெண்ணாறு பாயும் பகுதியில் (வெண்ணாறு உபவடிநிலம்) இதற்கென்றே ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரு காலநிலைத் தகவமைப்புத் திட்டம் வந்தது. கடன் 2016இல் ஒப்புதலானது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் என்று ஆறு நீர்வழிகள் அதில் வந்தன. உங்கள் ஊர்த் தண்ணீர் இவற்றில் எதில் விழுகிறது என்று பாருங்கள். பெரிய ஆற்றைச் சீராக்கி, அதில் வந்து சேரும் உங்கள் ஊர் வடிகால் அடைந்தே கிடந்தால் அவ்வளவு செலவுக்கும் உங்கள் வயலுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரைத்தான் உங்கள் திட்டம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான ஊராட்சித் திட்டங்கள் படுத்துக்கொள்வது இங்கேதான். ஆற்றிலிருந்து பிரிகிற பெரிய வாய்க்கால்களான ஏ, பி வாய்க்கால் நீர்வளத் துறைக்கு. அவற்றிலிருந்து பிரிகிற சின்ன சி, டி வாய்க்காலைத் தூர்வாருவது வேளாண் பொறியியல் துறை. நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசனப் பரப்புக்கு) குறைந்த ஏரி, குளம் ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் நீர்வளத் துறைக்கு. சாலைக்கு அடியில் இருக்கிற குழாய்ப் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையதா ஒன்றியச் சாலையுடையதா என்பதைப் பொறுத்தது. அலையாத்திக் காடு வனத்துறைக்கு. ‘வடிகால்களைத் தூர்வார வேண்டும்’ என்று பொதுவாக ஒரு வரி எழுதினால் யாருக்கும் அது கடிதமாகப் போகாது. இந்த வாய்க்கால், இந்தச் சர்வே எண்ணிலிருந்து இந்தச் சர்வே எண் வரை, இன்ன துறை, இன்ன மாதத்துக்குள் என்று எழுதினால் போகும். மாதம் முக்கியம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்த பிறகு தூர்வார ஆரம்பிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை நரைத்தது.

காசே இல்லாமல் நடப்பவையும் உண்டு. அவற்றைத்தான் யாரும் எழுதுவதில்லை. மழை ராத்திரியில் மதகுப் பலகையைத் தூக்க லஸ்கருக்கு (மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு) யார் போன் செய்வது, அவர் வராவிட்டால் யாருக்கு? படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர் எந்தெந்த வீட்டில்? அவர்களை ஏற்றிப்போக யார் டிராக்டர்? மாட்டை எந்த மேட்டில் கட்டுவது? மாட்டுக்கு இடமில்லையென்றால் ஆள் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார், எத்தனை மைக் கட்டினாலும். புயல் பாதுகாப்பு மையத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தாழ்ப்பாளோடு இருக்கிறதா என்று உங்கள் குழுவே போய்ப் பார்த்து எழுதட்டும்.

பாலா தம்பிக்கு: ஊர் விடும் கரி சொற்பம் என்பது சரி. ஆனால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்று வைத்தது. உலகத்தைக் காப்பாற்ற வைத்ததல்ல. தண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் கட்டி முடியவில்லை. தேவைக்குப் போக மீதியை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஆகவே தங்கச்சி, கரிக் குறைப்பு என்ற தலைப்பை ஊராட்சியின் கரண்ட் பில்லிலிருந்து தொடங்குங்கள். ஒரு வருஷ ரசீதை வரிசையாக வைத்தாலே எங்கே காசு போகிறது என்று தெரிந்துவிடும்.

கடைமடைக்காரி

ஐயா, ரொம்ப நன்றி. வரைபடம் விஷயத்தை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே மோட்டார்தான் பெரிய செலவு. அப்படியென்றால் தெருவிளக்குக்குப் பதிலாகத் தண்ணீர் மோட்டாருக்குச் சோலார் என்று மாற்றிவிடலாமா? புயலிலும் உதவும் அல்லவா?

அப்புறம் இன்னொரு பிரச்சினை. ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததிலிருந்து எங்களுக்குத் தனி அலுவலர்தான். யாரிடம் போய் நிற்பது?

பழைய ஓவர்சியர்

மாற்றலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம்.

ஒன்று, மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பில் குறையும், ஆனால் புயலன்று உதவாது. புயலுக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு, அல்லது கம்பி போனாலும் மோட்டாரைத் தனியாக ஓட்டுகிற மாதிரி வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் சேர்க்கமாட்டார்கள். பேனலைக் கம்பத்தில் நிறுத்தாமல் கான்கிரீட் கூரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கஜா காற்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு, உங்கள் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் வழியில் எங்காவது ஒரு நீரேற்று நிலையம் கரண்ட் இல்லாமல் நின்றாலும் உங்கள் சம்ப் (தரைத் தொட்டி) காலிதான். உள்ளூர் மோட்டாருக்குச் சோலார் இருந்து என்ன பயன், ஏற்றத் தண்ணீர் வேண்டாமா? அதனால் சோலாரோடு சேர்த்து ஒரு குளத்தைக் குடிநீர்க் குளமாகக் காப்பாற்றுவதையும் எழுதுங்கள். கரையை உயர்த்தி, உப்புநீர் புகாத மாதிரி, சாக்கடை சேராத மாதிரி, வேலியோடு. பழைய காலத்தில் உங்கள் பக்கத்து ஊர்கள் அப்படித்தான் கோடையைக் கழித்தன. கரையில் வேண்டுமானால் அந்த ஐந்நூறு கன்றுக்குப் பதில் பனங்கொட்டை ஊன்றுங்கள். ஆடு வாய் வைக்காது, காசும் செலவாகாது.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபைத் தீர்மானம் தீர்மானம்தான். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு ஒரு நகல் போகட்டும். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் என்று எல்லா மாவட்டத்திலும் அமைத்திருக்கிறார்கள், ஆட்சியர் தலைமை, மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். அங்கே இன்னொரு நகல். நாலு துறைக்கும் தனித்தனியாக அலைவதைவிட ஆட்சியர் மேசையிலிருந்து இறங்கும் கடிதத்துக்கு நடமாட்டம் அதிகம்.

திருத்துறைப்பூண்டி நடவாள்

ஓவர்சியர் ஐயா வயலுக்குள் இறங்கவே இல்லையே! நெல்லை விட்டுவிட்டு நம் பக்கம் என்ன காலநிலைத் திட்டம்?

தண்ணீர் தேங்குகிற பள்ளக்காலுக்கு சி.ஆர். 1009 சப் 1 விதை. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரும் ரகம். உப்பு ஏறிய வயலுக்குக் குழியடிச்சான், களர்பாலை. மகசூல் குறைவுதான், மறைக்கவில்லை, ஆனால் பட்டினி போடாது. எல்லோரும் ஒரே ரகம் போட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் நஷ்டம். உங்கள் மகளிர் குழு ஊர் விதைக்கிடங்கு ஒன்று வைக்கலாம். நடவுக்குப் பிறகு வெள்ளத்தில் நாற்று போனால் மறுபடி விதைக்க அந்த விதைதான் கைகொடுக்கும்.

கரி குறைப்பும் நெல் வயலில்தான் இருக்கிறது. எப்போதும் தண்ணீர் கட்டிய சேற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் அது நன்றாகக் குறையும். ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கிற சமயம் மட்டும் காயவிடக் கூடாது. ஆனால் இதை போர்வெல் குறுவைக்கு எழுதுங்கள். ஐப்பசி மழையில் நம் சம்பா வயலைக் காயவிடுங்கள் என்று யாராவது வந்து வகுப்பு எடுத்தால் சிரிப்புதான் வரும்.

அப்புறம் வெயில். 2024இல் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். நடவு, களை வேலையைக் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துப் பதினோரு மணிக்குக் கரையேறுவது, வேலையிடத்தில் நிழலும் தண்ணீரும், இதையும் தீர்மானத்தில் சேருங்கள். சித்திரை வெயிலில் குனிந்து நிற்பது நாம்தானே.

கடைமடைக்காரி

அக்கா, வெயில் விஷயம் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சேர்க்கிறேன். ஐயா, கடைசியாக ஒன்று: தீர்மானத்தை எப்படி எழுதுவது, மாதிரி ஒன்று தர முடியுமா?

பழைய ஓவர்சியர்

இப்படி எழுதுங்கள்:

“நமது ஊராட்சி, சர்வே எண் ___ முதல் ___ வரை செல்லும் ___ வடிகால் அடைபட்டுள்ளதால் ___ ஏக்கர் சம்பா வயலில் மழைக்காலத்தில் ___ நாட்கள் வரை நீர் தேங்குகிறது. மேற்படி வடிகாலை மே மாத இறுதிக்குள் தூர்வாரவும், ___ சாலையில் உள்ள குழாய்ப் பாலத்தை அகலப்படுத்தவும் சம்பந்தப்பட்ட துறைகளைக் கேட்டுக்கொண்டு இக்கிராம சபை தீர்மானிக்கிறது. வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.”

ஒரு தீர்மானத்தில் ஒரு வேலை. ஐந்தையும் ஒன்றாகப் போட்டால் ஐந்தும் கிடக்கும். வளர்ச்சித் திட்டத்தில் ‘நீர் நிறைவு பெற்ற கிராமம்’, ‘தூய்மையான பசுமையான கிராமம்’ என்ற கருப்பொருள்கள் இருக்கும், வடிகாலையும் குளத்தையும் முதலாவதில் நுழையுங்கள். ஊர் மக்கள்தொகை 500க்கு மேல் 3,000 வரை என்றால் கோரம், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள், 100 பேர். குழுப் பெண்களே அவ்வளவு பேர் வந்துவிடுவீர்கள். கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அன்றைக்கே போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.