எண்ணூர்ப் பக்கத்துக் காற்றும் ஆறு வயது மகனின் இளைப்பும்

கேள்வி: எர்ணாவூர்வாசி

என் மகனுக்கு ஆறு வயது. இரண்டு ஆண்டுகளாக, மார்கழி பிறந்தாலே இரவில் இருமலும் விடியற்காலையில் இளைப்பும் தொடங்கிவிடுகின்றன. மாதம் ஒருமுறையாவது நெபுலைசர் வைக்க ஓடுகிறோம். மருத்துவர் தினசரி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அது பழகிவிடும் என்று என் மாமியார் அஞ்சியதால் பாதியில் நிறுத்திவிட்டோம். வடசென்னை அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில், மாடியில் உலர்த்தும் துணியில் சாம்பல் படிகிற ஊர் இது. ஆனால் கைபேசியில் பார்த்தால் மணலி நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடு பல நாள் ‘திருப்திகரம்’ என்றே காட்டுகிறது. அப்படியானால் காற்றின்மீது பழிபோடுவது தவறா? நாங்கள் இருப்பது வாடகை வீடுதான். வேறு பகுதிக்குக் குடிபோனால் பயன் உண்டா?

பதில் 1: குழந்தைகள் நல மருத்துவர்

அம்மா, காரணம் காற்றா, பரம்பரையா என்ற வழக்கு முடியும்வரை மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். நேரில் பார்க்காமல் உங்கள் மகனுக்கு ஆஸ்துமா என்று நான் உறுதிசெய்ய இயலாது; ஆனால் நீங்கள் சொல்லும் முறையில் இளைப்பு திரும்பத் திரும்ப வந்தால், தடுப்பு இன்ஹேலரே முதன்மையான சிகிச்சை. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் மைக்ரோகிராம் கணக்கில்தான் கொடுக்கிறோம். அது பழக்கமாவதில்லை, நிறுத்தியதும் இளைப்பு திரும்பினால் நோய் இன்னும் அடங்கவில்லை என்றே பொருள். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்துக் கொடுத்து, பிறகு வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, பேசவே மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காற்றுக்கும் பங்கு உண்டு. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதன் மூச்சுக்குழாய் குறுகலானது என்பதால் சிறு வீக்கமே பெரிய அடைப்பாகிவிடும். நிலக்கரி எரியும்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடு, ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே சுருக்கவல்லது.

பதில் 2: ஓய்வுபெற்ற சுற்றுச்சூழல் பொறியாளர்

‘திருப்திகரம்’ என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். நம் நாட்டுக் குறியீட்டில் பி.எம். 2.5 நுண்துகள் (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்) ஒரு கன மீட்டருக்கு 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் அந்தப் பெயர்தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவோ 15. அதாவது, அந்த அளவைப் போல் நான்கு மடங்கு உள்ள நாளும் இங்கே திருப்திகரமான நாளே.

மேலும், துகளுக்கான அந்த எண் 24 மணி நேரச் சராசரி. குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று அசையாமல் கிடப்பதால் மாசு அங்கேயே தேங்குகிறது. பிற்பகல் கடற்காற்று அதைக் கலைத்துவிட்டால் சராசரி இறங்கிவிடும், குழந்தை விடியலில் இழுத்த மூச்சு இறங்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்களே, அத்தகைய குறுகிய நேரத் தாக்குதலைச் சராசரியில் தேடினால் கிடைக்காது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் மணிவாரி அளவுகள் உள்ளன. மகன் இருமிய நேரத்தை ஒரு நோட்டில் குறித்து, அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவருக்கும் அது உதவும்.

பதில் 3: திருவொற்றியூர்த் தகப்பன்

எங்கள் மகளுக்கும் இதே தொல்லை இருந்தது. புகைபோக்கியை மட்டுமே திட்டிக்கொண்டிருந்த நாங்கள், சன்னலைச் சாத்திவிட்டு அவள் தலைமாட்டிலேயே கொசுவத்திச் சுருள் ஏற்றிவந்தோம் என்பதை ஒரு செவிலியர் கேட்ட பிறகுதான் உணர்ந்தோம். ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடு என 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கொசுவலைக்கு மாறினோம், சாம்பிராணியையும் விட்டோம். (போகியன்று தெருவில் டயர் எரிப்பவர்களிடம் சண்டை இன்னும் ஓயவில்லை.) இரவு இருமல் குறைந்தது, முழுவதும் போகவில்லை.

பதில் 4: குழந்தைகள் நல மருத்துவர்

குடிபெயர்வது பற்றிய கேள்வி விடுபட்டது. தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், துகள் மாசு குறைவான ஊருக்குக் குடிபோனவர்களின் நுரையீரல் வளர்ச்சி வேகம் கூடியது 2001இல் தெரியவந்தது. நுரையீரல் பதின்ம வயது முடியும்வரை வளர்வதால் ஆறு வயது தாமதமல்ல. ஆனால் பெருஞ்சாலை ஓரத்திலோ குப்பைக் கிடங்கு அருகிலோ வாடகை குறைவு என்று வீடு பிடித்தால் மாறிய பயன் இராது. இயன்றால் அடுத்த மார்கழிக்கு முன் மாறுங்கள். இன்ஹேலரை மட்டும் இந்த வாரமே மீண்டும் தொடங்குவது குறித்து உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.